தண்டவாளக் கதைகள் – 12: பின்னாலிருந்து தள்ளும் ஊர்

சென்ற வாரம் மேட்டுப்பாளையத்தில் நின்றுவிட்டோம். ரயிலும் அங்கேதான் நின்றது. 1873-இல் போத்தனூரிலிருந்து கோவை வழியாக வந்த அகலப்பாதை, எதிரே சுவர்போல் எழுந்து நின்ற மலையைப் பார்த்ததும் இத்தோடு சரி என்று அடிவாரத்திலேயே உட்கார்ந்துவிட்டது. எழுந்து ஏற அதற்கு 26 ஆண்டுகள் பிடித்தன. அந்த 26 ஆண்டுகளின் கதையும், அதன்பிறகு மலைமேல் ஓர் ஊர் நீராவியோடு குடித்தனம் நடத்தத் தொடங்கிய கதையும் இந்த வாரம்.

அதற்கு முன் பெயரில் இருக்கும் ஒரு சின்ன அநியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். ‘ஊட்டி ரயில்’ என்றுதான் நாம் எல்லோரும் சொல்கிறோம். ஆனால் நம் மனதில் புகைவிடும் அந்த நீராவி எஞ்சின், வழக்கமான ஓட்டத்தில் ஊட்டிவரை போவதில்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரைதான் அதன் வேலை. குன்னூரில் அதைக் கழற்றிவிடுகிறார்கள். மிச்சமிருக்கும் தூரத்தை டீசல் எஞ்சின் பார்த்துக்கொள்கிறது. பேர் ஊட்டிக்கு, பாடு குன்னூருக்கு. இந்தத் தொடரில் ரயிலால் பிழைத்த ஊர்களைப் பார்த்திருக்கிறோம். குன்னூரின் கதை கொஞ்சம் வேறு. ரயிலைப் பிழைக்க வைத்த ஊர் இது.

மலை கேட்ட 45 ஆண்டுகள்

நீலகிரிக்கு ரயில் என்ற யோசனை 1854-இலேயே எழுந்துவிட்டது. சென்னையில் ரயில் ஓடுவதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே என்றால் அவசரத்தைப் புரிந்துகொள்ளலாம். வெயில் காலம் வந்தால் சென்னை மாகாண அரசே மூட்டை கட்டிக்கொண்டு உதகமண்டலம் போய்விடும். கவர்னர் போவார், அதிகாரிகள் போவார்கள், கோப்புகள் போகும், குமாஸ்தாக்களும் பின்னாலேயே போவார்கள். மேட்டுப்பாளையம் வரை ரயிலில் வந்தவர்கள் அங்கிருந்து குதிரை டோங்காவிலும் மாட்டு வண்டியிலும் மலைப்பாதையில் ஏற வேண்டும். மேலே விளைந்த காப்பியும் தேயிலையும் சின்கோனா பட்டையும் அதே வழியாகத்தான் கீழே இறங்க வேண்டும்.

தேவை இருந்தது, ஆள் இல்லை. சாதாரண ரயிலின் இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தைப் பிடித்து ஏறக்கூடிய சரிவுக்கு ஓர் அளவு உண்டு. அதைத் தாண்டினால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும், வண்டி நகராது. கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையில் மலை அந்த அளவை எங்கோ தாண்டி நிற்கிறது. பன்னிரண்டு அடி முன்னே போனால் ஓர் அடி மேலே ஏற வேண்டும். ஏறத்தாழ 20 கிலோமீட்டருக்குள் 1,300 மீட்டர் உயர வேண்டும்.

இதற்கு மருந்து சுவிட்சர்லாந்தில் இருந்தது. அங்கே நிக்லாஸ் ரிக்கன்பாக் என்ற பொறியாளர் 1871-இல் ரிகி மலைக்குப் பல்சக்கர ரயில் விட்டுப் பெயர் எடுத்திருந்தார். அவர் 1882-இல் நீலகிரிக்கே வந்து மலையைப் பார்த்தார். அந்த உற்சாகத்தில் 1885-இல் ஒரு கம்பெனி தொடங்கியது. கம்பெனியின் பெயரிலேயே ‘ரிகி’ என்ற சொல்லும் சேர்ந்தது. ஆனால் பணம் அவ்வளவு சுலபத்தில் சேரவில்லை. 1891-இல்தான் மாகாண கவர்னர் வென்லாக் பிரபு முதல் மண்ணை வெட்டினார். 1894-இல் கம்பெனி திவாலானது. பாதி வெட்டிய மலை அப்படியே கிடந்தது. 1896-இல் வேறொரு கம்பெனி முளைத்து வேலையை எடுத்துக்கொண்டது. கடைசியில் 1899 ஜூன் 15 அன்று மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ரயில் ஏறியது.

யோசனை பிறந்து 45 ஆண்டுகள். 1854-இல் மலைரயிலைப் பற்றி மனு எழுதியவர்களில் எத்தனை பேர் அதில் ஏறிப் பார்த்திருப்பார்களோ!

ஆசானின் ஏணி, மாணவனின் பல்

ரிக்கன்பாக் வந்து பார்த்த மலைதான், ஆனால் அங்கே போட்ட பாதை அவருடையது அன்று. அவரிடம் வேலை பார்த்துத் தொழில் கற்ற கார்ல் ரோமன் அப்ட் என்பவருடையது.

ரிக்கன்பாக்கின் முறையை ஓர் இரும்பு ஏணி என்று நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே ஏணியைப் படுக்க வைத்தாற்போல் இருக்கும். எஞ்சினின் அடியில் உள்ள பல்சக்கரம் ஒவ்வொரு படியாகப் பிடித்து ஏறும். உறுதியான முறைதான். ஆனால் ஏணியை வளைப்பது கஷ்டம், செலவும் அதிகம். அப்ட் ஏணியை எடுத்துவிட்டார். அதற்குப் பதிலாக, மேல்விளிம்பில் பல் வெட்டிய இரண்டு இரும்புப் பட்டைகளை அருகருகே நிறுத்தினார். ஒரு பட்டையின் பல் இருக்கும் இடத்தில் மற்றதன் பள்ளம் வரும்படி மாற்றி வைத்தார். எஞ்சினில் உள்ள பல்சக்கரத்திலும் அதே ஏற்பாடு. ஒரு பல் விடுபடும் நேரத்தில் இன்னொன்று கடித்துக்கொண்டிருக்கும். பிடி ஒரு கணமும் நழுவாது, குலுக்கலும் குறைவு. பட்டை மெல்லியது என்பதால் வளைவுகளில் வளைந்து கொடுக்கும். 46 கிலோமீட்டருக்குள் 208 வளைவுகள் கொண்ட பாதைக்கு இது எவ்வளவு முக்கியம் என்று சொல்ல வேண்டியதில்லை.

கல்லாறு நிலையத்தைத் தாண்டியதும் தண்டவாளங்களுக்கு நடுவே இந்தப் பல்பட்டை தொடங்கும். அங்கே ரயில் கிட்டத்தட்ட நின்று, பல்லோடு பல் பொருந்தியதை உறுதி செய்துகொண்டுதான் ஏறத் தொடங்கும். தெரிந்தவர்கள் அந்த இடத்தில் பேச்சை நிறுத்திவிட்டுக் காது கொடுப்பார்கள். எஞ்சினின் மூச்சு மாறும். அதுவரை இரண்டு சிலிண்டர்களால் ஓடிவந்த எஞ்சின், அங்கே இன்னும் இரண்டு சிலிண்டர்களை எழுப்புகிறது. கீழ் சிலிண்டர்கள் சாதாரணச் சக்கரங்களைத் தள்ளும். அவற்றில் ஒருமுறை உழைத்த நீராவி வெளியே போகாமல் மேல் சிலிண்டர்களுக்குப் போய், பல்சக்கரங்களைச் சுழற்றும். ஒரே நீராவி இரண்டு முறை வேலை பார்க்கிறது. வெளியே நின்று பார்த்தால், அதுவரை சும்மா கிடந்த மேல் தண்டுகள் திடீரென்று உயிர் வந்து ஆடத் தொடங்குவது தெரியும்.

ரிக்கன்பாக்கின் ஏணி போனாலும் அவர் இந்த மலையை விட்டுப் போகவில்லை. ஏறுவதைவிட இறங்குவதுதான் மலைரயிலின் கண்டம். இறங்கும்போது சிலிண்டர்களையே காற்றழுத்தும் பம்புகளாக மாற்றி வண்டியை இழுத்துப் பிடிக்கும் பிரேக் ஒன்றை அவர் கண்டுபிடித்திருந்தார். குன்னூர் எஞ்சின்கள் இன்றும் அந்த உத்தியில்தான் இறங்குகின்றன. ஏறுவதற்கு மாணவன், இறங்குவதற்கு ஆசான்.

வெள்ளைச் சட்டையில் விழுந்த கரி

இந்த ரயிலில் எஞ்சின் முன்னால் இருக்காது. பெட்டிகளுக்குப் பின்னால், பள்ளத்துப் பக்கம் நின்று முதுகால் முட்டுக் கொடுத்துத் தள்ளும். இணைப்பு அறுந்தாலும் பெட்டிகள் உருண்டு போகாமல் எஞ்சின் மேலேயே வந்து சாய வேண்டும் என்பதற்கான ஏற்பாடு அது. முன்னால் என்ன இருக்கிறது என்று டிரைவருக்குத் தெரியாது. முதல் பெட்டியின் முகப்பில் கொடியோடு நிற்கும் பிரேக்ஸ்மேன்தான் அவருடைய கண். பாதையில் பாறை கிடக்கிறதா, யானை நிற்கிறதா என்று பார்த்து அவர் கொடி காட்ட, அடுத்த பெட்டியின் பிரேக்ஸ்மேன் அதை வாங்கிக் காட்ட, கொடி கைமாறிக் கைமாறி எஞ்சினுக்கு வந்து சேரும். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு பிரேக்ஸ்மேன், அவர் கையில் அந்தப் பெட்டியின் பிரேக். கம்பியில்லாக் கருவிகள் எத்தனை வந்தாலும் பார்க்க அழகு இந்தக் கொடிதான்.

எண்பதுகளில் பள்ளிச் சுற்றுலாவாகவோ, கல்யாணம் ஆன புதிதிலோ இதில் போனவர்களைக் கேளுங்கள். பள்ளத்தாக்கைச் சொல்வதற்கு முன் கரியைச் சொல்வார்கள். ஜன்னலோரம் பிடிக்கச் சண்டை போட்டு ஜெயித்தவருக்குத்தான் கண்ணில் துகள் விழும். குகைக்குள் நுழைந்ததும் பெட்டி முழுக்கக் கத்தல். வெளியே வந்து பார்த்தால் வெள்ளைச் சட்டையில் கரும்புள்ளி. எஞ்சினுக்கு அடுத்த பெட்டியில் உட்கார்ந்தவர்களுக்கு இந்தப் பாக்கியம் இரட்டிப்பு. 16 குகை, 250 பாலம் என்று புத்தகம் சொல்லும் கணக்கைச் சரிபார்க்க விரல்விட்டு எண்ணத் தொடங்கி, ஹில்குரோவ் வருவதற்குள் குழம்பிப்போகாத பிள்ளைகள் குறைவு. ஹில்குரோவில் எஞ்சின் தண்ணீர் குடிக்கும், பெரியவர்கள் டீ குடிப்பார்கள், கையில் இருக்கும் பலகாரத்தைக் குரங்கு வந்து வாங்கிக்கொள்ளும்.

அடர்லி, ஹில்குரோவ், ரன்னிமேடு என்று காட்டுக்குள் இருக்கும் இந்த நிலையங்களில் இறங்கிப் போக ஊரே கிடையாது. அவை எஞ்சினுக்காக ஏற்பட்ட நிலையங்கள். தண்ணீர் தொட்டியும் மூச்சு வாங்க ஒரு நிழலும்தான் அங்கே ஊர்.

மேட்டுப்பாளையத்திலிருந்து காலை ஏழு மணி சுமாருக்குப் புறப்பட்டால் குன்னூருக்கு மூன்றரை மணி நேரம், ஊட்டிக்கு ஏறத்தாழ ஐந்து மணி நேரம். பேருந்தில் போனால் இதில் பாதிகூட ஆகாது. அப்படியும் டிக்கெட் கிடைக்காமல் திரும்புகிறவர்கள் உண்டு. முழு ரயிலையும் வாடகைக்குப் பேசிக்கொண்டு வரும் வெளிநாட்டுப் பயணிகளும் உண்டு. டேவிட் லீன் 1984-இல் ‘எ பாசேஜ் டு இந்தியா’ படத்தின் ரயிலை இங்கேதான் ஓட்டினார். ‘உயிரே’ படத்தில் ரயிலின் கூரைமேல் ஆடிய ஆட்டமும் இந்தப் பாதையில்தான். நம் ஊர்க்காரர்களுக்கு மறக்க முடியாத ‘மூன்றாம் பிறை’யின் கடைசிக் காட்சியோ குன்னூரையும் தாண்டி, கேத்தி நிலையத்தில்.

ஒன்பது வருஷம் கடைசி ஊர்

1899-இல் ரயில் வந்தபோது குன்னூர்தான் கடைசி நிலையம். மேலே ஊட்டிக்குப் போக வேண்டியவர்கள் அங்கே இறங்கி மறுபடி வண்டி பிடித்தார்கள். ஒன்பது ஆண்டுகள் இப்படி நடந்தது. பாதையின் முனை என்பதால் எஞ்சின் கொட்டகை, பழுதுபார்க்கும் பட்டறை, ஆட்கள் தங்கும் வீடுகள் என எல்லாம் அங்கே வேர்விட்டன.

இடையில் அருவங்காட்டில் கார்டைட் என்னும் வெடிமருந்து தயாரிக்கும் தொழிற்சாலை எழுந்தது. பாதை மேலே நீள்வதற்கு அதுவும் ஒரு காரணம் ஆனது. 1908-இல் பாதையை நடத்தும் பொறுப்பு மதராஸ் ரயில்வேயிடமிருந்து தென்னிந்திய ரயில்வேக்கு மாறியது. அதே ஆண்டு செப்டம்பரில் ஃபெர்ன்ஹில் வரையும், அக்டோபர் 15-இல் உதகமண்டலம் வரையும் ரயில் போனது. குன்னூருக்கு மேல் சரிவு குறைவு என்பதால் பல்பட்டை தேவைப்படவில்லை.

குன்னூர் ஒரு காலத்தில் கடைசி ஊராக இருந்தது என்பதற்கு நிலையமே சாட்சி. ஊட்டி போகும் வண்டி அங்கிருந்து நேராக முன்னே போக முடியாது. கொஞ்சம் பின்னால் வந்து, திசை மாறித்தான் மேலே ஏற வேண்டும். புதிதாக வருகிறவர்கள், ‘என்ன, திரும்பிப் போகிறோமா?’ என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்பார்கள். நிலையத்தைக் கட்டியபோது இதற்கு மேல் ஒரு பயணம் இருக்கும் என்று யாரும் அதற்குச் சொல்லி வைக்கவில்லை.

பாதை ஊட்டிவரை போனாலும் பட்டறை குன்னூரிலேயே தங்கிவிட்டது. பல்பட்டை குன்னூரோடு முடிகிறது. ஆகவே பல்சக்கர எஞ்சினின் உலகமும் அங்கேயே முடிகிறது. இந்த ஒரு காரணத்தால்தான் நாட்டின் பெரும்பாலான பாதைகளில் நீராவி அணைந்த பிறகும் குன்னூரில் அணையவில்லை. டீசல் வந்து மற்ற பாதைகளில் பெரும்பாலானவற்றை வாரிக்கொண்டு போனது. பல் கடித்து ஏறும் டீசல் எஞ்சின் இந்தப் பாதைக்கு வரவில்லை. 1995 டிசம்பரில் இந்தியாவின் அகலப்பாதைகளில் வழக்கமான நீராவி ஓட்டம் முடிவுக்கு வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் மீட்டர் பாதைகளிலும் முடிந்தது. குன்னூரில் மறுநாள் காலையும் அடுப்பு எரிந்தது.

விண்டர்தூரில் பிறந்து பொன்மலையில் மறுபிறப்பு

தொடக்கத்தில் இந்தப் பாதைக்கு மான்செஸ்டரின் பேயர் பீக்காக் ஆலை எஞ்சின்கள் வந்தன. இன்று நாம் அறிந்த எஞ்சின் ‘எக்ஸ்’ வகை. சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரத்து ஆலை 1914 முதல் 1925 வரை 12 எஞ்சின்களும், சுதந்திரத்துக்குப் பிறகு 1952-இல் 5 எஞ்சின்களும் செய்து அனுப்பியது. மொத்தம் 17.

எஞ்சின் என்றால் ஏதோ ஓர் இயந்திரம் என்று நினைக்கிறோம். நீராவி எஞ்சினோடு பழகியவர்கள் அதை ஒரு மாட்டைப்போலப் பேசுவார்கள். ஆறிப்போன கொப்பரை சூடேறி நீராவி கட்டப் பல மணி நேரம் ஆகும். அவசரப்படுத்தினால் இரும்பு கோபித்துக்கொண்டு ஒழுகும். அதனால் காலை ரயிலுக்கு முந்தின இரவே ஆள் விழித்திருக்க வேண்டும். தண்ணீர் பார்க்க வேண்டும், எண்ணெய் விட வேண்டும், சாம்பல் வார வேண்டும். ஒரே மாதிரியான இரண்டு எஞ்சின்களில் ஒன்று சொன்ன பேச்சுக் கேட்கும், மற்றது முரண்டு பிடிக்கும். எது எந்த வளைவில் மூச்சு வாங்கும் என்பது கையேட்டில் இருக்காது, கையில் இருக்கும்.

விண்டர்தூர் ஆலை 1990களின் இறுதியில் பிரித்து விற்கப்பட்டுவிட்டது. உதிரி பாகம் வேண்டும் என்று கடிதம் எழுத முகவரி இல்லை. தேய்ந்த பல்லை இங்கேயே வார்க்க வேண்டும், இங்கேயே கடைய வேண்டும். குன்னூர் பட்டறையும் திருச்சி பொன்மலைப் பணிமனையும் சேர்ந்து எஞ்சின்களை உயிரோடு வைத்திருந்தன. நல்ல கரி கிடைப்பது குறைந்து, நடுவழியில் நீராவி போதாமல் வண்டி நிற்கத் தொடங்கியபோது, எஞ்சின்களை எண்ணெயில் எரியும்படி மாற்றினார்கள். பழுதுபார்த்துக் கொண்டிருந்த கைகள் பிறகு இன்னும் பெரிய காரியத்தில் இறங்கின. 2011-இல் தொடங்கி, எண்ணெயில் எரியும் நான்கு புதிய ‘எக்ஸ்’ எஞ்சின்களைப் பொன்மலை முழுதாகச் செய்து அனுப்பியது. 2021-இல் நிலக்கரியில் எரியும் ஒன்றையும் புதிதாகச் செய்தது. உலகம் நீராவி எஞ்சினை அருங்காட்சியகத்தில் வைத்துத் துடைத்துக்கொண்டிருக்கும் காலத்தில், திருச்சியில் ஒரு பணிமனை புத்தம்புதிய நீராவி எஞ்சினுக்கு வண்ணம் பூசிக்கொண்டிருந்தது.

சுவிஸ்காரர்களின் ஏக்கம்

இந்த இடத்தில் விண்டர்தூர் எஞ்சின்களின் இன்னொரு கிளைக்கதையைச் சொல்லாமல் போக முடியாது. அதே ஆலையில் பிறந்த வேறு சில பல்சக்கர எஞ்சின்கள் சுவிட்சர்லாந்தின் ஃபுர்கா மலைக் கணவாயில் ஓடின. அங்கே மின்சாரம் வந்ததும் அவற்றை வியட்நாமுக்கு விற்றுவிட்டார்கள். அவை தலாத் மலைக்குப் போகும் பாதையில் ஓடின. போர் அந்தப் பாதையைத் தின்றது. எஞ்சின்கள் காட்டில் துருப்பிடித்துக் கிடந்தன.

1982-இல் ஃபுர்கா மலையடியில் நீளச் சுரங்கம் திறந்தது. மேலே இருந்த பழைய பாதை கைவிடப்பட்டது. அப்போதுதான் சுவிஸ்காரர்களுக்குத் தாங்கள் எதை விற்றோம் என்பது உறைத்தது. ஆர்வலர்கள் ஒன்றுகூடி 1990-இல் வியட்நாமிலிருந்து அந்த எஞ்சின்களைக் கப்பலேற்றித் திரும்பக் கொண்டுவந்தார்கள். ஆண்டுக்கணக்கில் பழுதுபார்த்தார்கள். கைவிட்ட பாதையைக் கொஞ்சம் கொஞ்சமாக மீட்டு, 2010-இல் முழுவதும் ஓட்டிக் காட்டினார்கள். வணங்கத்தக்க பிடிவாதம்தான்.

ஆனாலும் அது தொலைத்துவிட்டுத் தேடிய கதை. குன்னூர் தொலைக்கவே இல்லை. 2005-இல் யுனெஸ்கோ இந்தப் பாதையை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தபோது கேட்ட முதல் கேள்வி, ‘இதை எப்படிப் பாதுகாப்பது’ என்பதாக இருந்திருக்கலாம். அதற்கு 106 ஆண்டுகளாகக் குன்னூர் சொல்லிவந்த பதில் எளிது: நாளைக்கும் ஓட்டுவது.

மழை நின்றதும்

இந்தக் கதைக்கு எதிரியும் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் மழை வலுத்தால் மலை சரிந்து பாதைமேல் உட்காரும். மரம் விழும். பல்பட்டைமேல் பாறை கிடக்கும். ‘மலைரயில் சேவை ரத்து’ என்று நாளிதழில் நாலு வரிச் செய்தி வரும். ஊட்டிக்கு டிக்கெட் எடுத்தவர்கள் சலித்துக்கொண்டு பேருந்து நிலையத்துக்கு நடப்பார்கள்.

அப்போது அந்தக் காட்டுக்குள் கடப்பாரையோடு சிலர் இறங்கியிருப்பார்கள். மண்ணை வாரி, பாறையைப் புரட்டி, பல்லின் இடுக்கில் சிக்கிய சரளைக் கல்லைத் தேடித் தேடி எடுப்பார்கள். ஒரு சிறு கல் போதும், எஞ்சினின் பல் முறிய. பிறகு பெட்டி எதுவும் பூட்டாத எஞ்சினை மட்டும் முதலில் விட்டுப் பார்ப்பார்கள். அது ஒவ்வொரு பல்லாகக் கடித்துப் பார்த்தபடி, யாருமில்லாத ரன்னிமேட்டையும் காட்டேரியையும் தாண்டி வந்து சேரும். படம் எடுக்கப் பயணிகள் இருக்க மாட்டார்கள். ஷெட்டில் இருப்பவர்கள் மட்டும் அதன் சத்தத்தை வைத்தே பாதை சரியாகிவிட்டது என்று தெரிந்துகொள்வார்கள்.

அடுத்த நாள் காலை பயணிகள் வருவார்கள். முதல் பெட்டியில் உட்கார்ந்து முன்னால் விரியும் மலையைப் பார்ப்பார்கள். பின்னால் நின்று தள்ளுவது யார் என்று திரும்பிப் பார்த்தால், வளைவு ஒன்றில் தெரியும்.

*(அடுத்த வாரம்: நாகப்பட்டினத்தின் பட்டறை பொன்மலைக்கு இடம்பெயர்ந்த கதை)*